கிளென்மோர் கப்பலின் இரும்பறை

மாலை ஐந்து மணி. நவம்பர் மாதம். மொன்றியலில் அந்த நேரத்துக்கு எவ்வளவு இருட்டு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலைப்பக்கமாக ஏறிப்போகும் ஓர் ஆஸ்பத்திரிப் பாதை... ஒரு கரையில் மதில், மற்றக் கரையில் இலை கொட்டிய மரங்கள். ஆள் நடமாட்டம் இல்லை. பாதை முடியும் இடத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடம். ஒரேயொரு யன்னலில் மட்டும் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்துக்குள் இருந்தவள் இமெல்டா. எங்கள் பக்கத்து வீட்டு யோசெப்பினின் பெரியம்மா மகள். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு நடந்தது இது. கரன்ட் வரும்வரை சொல்கிறேன். கிட்ட வந்து இருங்கள்... மெழுகுதிரியைக் கொஞ்சம் நடுவில் வையுங்கள்.

இமெல்டா மன்னார்ப் பிள்ளை. பேசாலை. அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அவளுடைய பொறுப்பில் ஓர் அறை இருந்தது. சுவர், தரை, முகடு எல்லாம் இரும்பு. ஒரு சாண் தடிப்பு. மனித உடம்புக்குள் இருக்கிற மிகச் சிறிய கதிர்வீச்சை அளப்பதற்கென்று கட்டியது. அணுகுண்டு வெடித்த பிறகு வார்த்த இரும்பில் எல்லாம் அந்த நஞ்சு துளியாவது கலந்திருக்குமாம். அதனால் அதற்கு முந்திய இரும்புதான் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? பழைய போர்க்கப்பல்களில் கிடைக்கும். இந்த அறை, 'கிளென்மோர்' என்ற வெள்ளைக்காரரின் போர்க்கப்பலை உடைத்துச் செய்தது. கதவில் ஒரு பித்தளைத் தகட்டில் அந்தப் பெயர் இருந்தது.

அந்தக் கதவை வெளியில் இருந்துதான் மூடலாம், வெளியில் இருந்துதான் திறக்கலாம். நோயாளி உள்ளே தனியே படுத்திருப்பார். இமெல்டா வெளியே இருந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருப்பாள். சோதனை முடிந்து வந்த சிலர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள், "யாராவது தட்டினீர்களா?" என்று. "தண்ணீர்க் குழாய்" என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.

அறை பழையதாகிவிட்டது. மறுநாள் உடைக்க ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முதல்நாள் மாலை, டாக்ஸியில் ஒரு கிழவி வந்து இறங்கினாள்.

எட்னா ப்ரூக் என்று பெயர். எண்பத்தெட்டு வயது. மொன்றியலின் வெர்டன் பக்கத்தில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் தனி வாழ்க்கை. கலியாணம் கட்டவில்லை. கைத்தடியை ஊன்றி, மூச்சு வாங்க வாங்க, கதவுத் தகட்டில் இருந்த பெயரை விரலால் தடவினாள். அவள் பேசியது இங்கிலிஷ். இமெல்டா யோசெப்பினுக்கு எங்கள் பேச்சில்தான் சொன்னாளாம். நானும் அப்படியே சொல்கிறேன்.

"என்ரை அப்பா இந்தக் கப்பலிலை கரி அள்ளினவர், பிள்ளை."

முதலாம் உலகப் போர். வட கடலில் பெரிய சண்டை. கிளென்மோரின் அடிவயிற்றில் குண்டு பட்டுக் கடல் உள்ளே ஏறியது. கப்பலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தண்ணீர் ஏறிய அந்த ஓர் அறையின் கதவை மூடியாக வேண்டும். மூடினார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள், எட்னாவின் அப்பாவும் அவர்களில் ஒருவர். கப்பல் கரையை நோக்கித் திரும்பியது. வழிநெடுக உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டதாம்... டொக்... டொக்... டொக். விடியப்புறம் நின்றுவிட்டதாம்.

அப்போது எட்னா தாயின் வயிற்றில்.

"நான் அப்பாவோடை ஒரு வார்த்தை கதைச்சதில்லை. நாளைக்கு உடைச்சுப் போடுவினமாம், பேப்பரிலை பார்த்தனான். கொஞ்ச நேரம் உள்ளுக்கை இருக்க விடு. கதவையும் மூடு."

இமெல்டா மாட்டேன் என்றாள். வயது போன மனிசி, உள்ளே ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? "கதவைத் திறந்து வைச்சுக் கதையுங்கோவன் அம்மா" என்று கெஞ்சிப் பார்த்தாள். கிழவி தலையை ஆட்டினாள். "அவருக்கு ஒருத்தரும் திறந்து வைக்கேல்லை."

அந்தச் சொல்லுக்குப் பிறகு இமெல்டாவால் மறுக்க முடியவில்லை. கட்டிலில் அவளை இருத்தி, கம்பளியால் கால்களைப் போர்த்தி, இரண்டு கையாலும் கதவைத் தள்ளி மூடினாள்.

ஒலிபெருக்கியில் முதலில் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு கிழவி பேசத் தொடங்கினாள். அழவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தகப்பனிடம் அன்றைய புதினம் சொல்வதுபோல...

"அப்பா, நான் எட்னா. உங்களுக்குத் தெரியாது என்னை. கப்பல் தப்பிட்டுது, அப்பா. அதைச் சொல்லத்தான் வந்தனான். அவ்வளவு சனமும் உயிரோடை கரைக்கு வந்தது. ஓட்டையை அடைச்சு, பெயின்ற் அடிச்சு, திருப்பியும் கடலுக்கு விட்டவை. அந்தச் சண்டை முடிஞ்சுது. கனகாலம் சும்மா நிண்டுது. நானும் அம்மாவும் இஞ்சை வந்திட்டம். பேந்து ரெண்டாவது சண்டையும் வந்திட்டுது... உங்கடை கப்பலுக்கு வயசு போட்டுது, அப்பா. ஓடேலாது. பீரங்கியைவிடப் பெடியளுக்கு வயசு குறைவு. எண்டாலும் விட்டவையே? ஹலிபாக்ஸிலை இருந்து சாமான் கப்பலுகளுக்குக் காவலாப் பனிக்குள்ளாலை போய் வந்தது. நான் ஒருக்கா அங்கை போய்த் தூரத்திலை நிண்டு பார்த்தனான். கையும் காட்டினனான்."

இமெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பேந்து கிழக்கை அனுப்பினவை. திருகோணமலை எண்டு ஒரு துறைமுகம்..."

இமெல்டா கதிரையில் நிமிர்ந்தாள்.

"அங்கை ஊர்ப் பெடியளைச் சம்பளத்துக்குப் பிடிச்சுத் துரு சுரண்ட விட்டவையாம். ஒருநாள் யப்பான்காரங்கள் ஆகாயத்தாலை வந்து குண்டு போட்டிட்டாங்கள். திரும்பவும் தண்ணி. திரும்பவும் அடியிலை ஒரு கதவை மூடினவை. ஆனால் அப்பா, அந்தமுறை ஒருத்தரும் சாகேல்லை. புத்தகத்திலை அப்பிடித்தான் போட்டிருக்கு. உள்ளுக்கை ஒருத்தரும் இருக்கேல்லையாம்."

டொக்.

இமெல்டா ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

டொக்... டொக்... டொக்... டொக்.

கிழவியின் கைத்தடி என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் கைத்தடியைக் கதவுக்கு வெளியே சுவரில் சாத்திவிட்டுத்தான் கிழவி உள்ளே போயிருந்தாள். சத்தம் மெல்ல வரவில்லை. அவசரமாக வந்தது. உள்ளங்கையால் அடிக்கிற சத்தம்... நகம் இழுபடுகிற சத்தம்...

"அப்பா?" என்றாள் கிழவி. எண்பத்தெட்டு வயதுக் குரல் இல்லை அது. கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து சுவரில் காதை வைத்திருப்பாள் போலும். பிறகு சிரிப்பும் அழுகையுமாக, "ஓம் அப்பா... ஓம் அப்பா... நான்தான்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு குரல் எதுவும் ஒலிபெருக்கியில் வரவில்லை.

இமெல்டா ஓடிப்போய்க் கதவை இழுத்துத் திறந்தாள். வாடை முகத்தில் அடித்தது. துருவும், எண்ணெயும், நாட்பட்ட உப்புத் தண்ணீரும். பேசாலைக் கரையில் பிறந்தவளுக்குக் கடல் மணம் புதிதா? ஆனால் இது காற்றுப்படாத கடல். பூட்டிவைத்த கடல்.

தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. கிழவி சுவரோடு சாய்ந்து நின்றாள். முகம் விளக்கு வைத்ததுபோல இருந்தது.

"கேட்டனீயோ பிள்ளை? கதைச்சவர். குரல் சின்னப் பெடியன்ரை குரல் மாதிரி... அப்ப அவருக்கு வயசும் அவ்வளவுதானே. எனக்கு ஒரு பேர் வைச்சிருந்திருக்கிறார்! அம்மா ஒருநாளும் சொல்லேல்லை. அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தவர்."

"என்ன பேர் அம்மா?"

கிழவி நாக்கைப் புரட்டிப் பார்த்தாள். கவனமாக, ஒவ்வொரு துண்டாக...

"திர... வுங்... கோ. திரவுங்கோ. வடிவான பேர், என்ன?"

இமெல்டா அதைத் தனக்குள் திருத்திச் சொல்லிப் பார்த்தாள்.

திறவுங்கோ.

அவள் வாயைத் திறந்தாள். சொல்லலாம். அது பெயர் இல்லை அம்மா, தமிழ்; அது உங்கடை அப்பாவும் இல்லை, துரு சுரண்டின ஊர்ப் பெடியன் ஒருத்தன் என்று சொல்லலாம். பிறந்த நாளில் இருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த மனிசி, அதைக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறாள். இமெல்டா வாயை மூடிக்கொண்டாள்.

"ஓம் அம்மா. நல்ல வடிவான பேர்."

டாக்ஸியில் ஏற்றிவிடும்வரை கிழவி அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு போனாள். பிழையாகச் சொல்லக்கூடாது என்று பயம்.

இமெல்டா திரும்பி உள்ளே போனாள். யாராக இருந்தாலும் வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். அவள் போய் அந்த இரும்புக் கதவை அகலத் திறந்து, கதிரையை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். பிறகு சுவருக்குக் கிட்ட நின்று மெல்லச் சொன்னாள்.

"தம்பி... கதவு திறந்துதான் கிடக்கு. வெளியாலை வாங்கோ ராசா."

ஒன்றும் கேட்கவில்லை.

"உங்கடை பேர் என்ன தம்பி? ஆரின்ரை பிள்ளை நீங்கள்?"

ஒன்றுமில்லை. இரும்பில் கையை வைத்தாள். ஐஸ்போல் இருந்தது. எந்தச் சமயத்துப் பிள்ளையோ... தெரியாது. தனக்குத் தெரிந்த அருள் நிறைந்த மரியே மந்திரத்தைச் சொன்னாள். காவலாளி வந்து கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் உடைக்க வந்தவர்களிடம் முதலில் கதவைத்தான் கழற்ற வேண்டும் என்று சண்டை பிடித்தாளாம். 

இரும்பு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இமெல்டா வேறு பகுதிக்கு மாறிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் எந்த அறைக் கதவையும் சாத்த விடுவதில்லை, குளியலறைக்குக்கூடத் திரைச்சீலைதான்.

எட்னா ப்ரூக் அந்தப் பனிக்காலமே போய்விட்டாள். நித்திரையில் போனாளாம், சிரித்த முகத்தோடு. இங்கே பனிக்காலத்தில் நிலம் பாறை. மண் இளகிய பிறகுதானே புதைக்கலாம்? மே மாதம் ஒரு மத்தியானம், பூங்கொத்தோடு இமெல்டா சேமக்காலைக்குப் போனாள். நல்ல வெயில். சனமும் நடமாடியது. பயப்பட ஒன்றும் இல்லை.

புதுக் கல். எட்னா ப்ரூக் என்று பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. அதன் கீழே, 'அப்பா என்னை அழைத்த பெயர்' என்று இங்கிலிஷில் ஒரு வரி. அதற்கும் கீழே, ஆழமாக வெட்டிய இங்கிலிஷ் எழுத்தில், புதைகுழியின் தலைமாட்டில்... ஒரேயொரு தமிழ்ச் சொல்.

திறவுங்கோ.