ஆசிரியர் இருந்த வகுப்பு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். அது யாருடைய குற்றமும் இல்லை. வயிறு நிறைந்திருக்கும், ஜன்னல் வழியாக வெயில் பெஞ்சின் மேல் விழும், மின்விசிறி பேருக்குச் சுற்றும். அந்த நேரத்தில் பாடம் நடத்துவது சுவரோடு பேசுவது போலத்தான். அதனால் வாய்ப்பாட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நிதானமாகவே சொல்கிறேன்.

நான்காம் வகுப்பு என்னுடையது. என் முறை எளிமையானது. ஒரு பிள்ளையிடம் கேட்பேன். தெரியாவிட்டால் அது நிற்கும், அடுத்த பிள்ளையிடம் போவேன். சரியாகச் சொல்கிற பிள்ளை எழுந்துபோய், நிற்கிறவர்கள் எல்லோருடைய உள்ளங்கையிலும் மர ஸ்கேலால் ஒன்று வைக்க வேண்டும். அடி என்ற சொல்லை என் வகுப்பில் யாரும் பயன்படுத்துவதில்லை. அதற்குப் பெயர் திருத்தம். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே தேவை இருக்காது.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆரம்பத்தில் தங்களுக்குள் பேரம் பேசிக்கொண்டார்கள். “டேய், பாத்துப் போடுடா. நேத்து உனக்கு நான் பூ மாதிரி வெச்சேன்ல” என்று ஒருவன் கெஞ்சியது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து ஒரு விதி சேர்த்தேன். மெதுவாக வைத்தவனுக்கு, எப்படி வைக்க வேண்டும் என்று வாங்கியவனே செய்து காட்ட வேண்டும். சீக்கிரமே ஓசை சரியாகிவிட்டது. நெருங்கிய சிநேகிதர்கள்தான் நன்றாக வைப்பார்கள். ஏன் என்று தெரியாது, ஆனால் கவனித்திருக்கிறேன்.

மற்ற வகுப்புகள் சந்தைக்கடை மாதிரி இரையும். என் வகுப்பு வாசலுக்குத்தான் தலைமையாசிரியர் விருந்தாளிகளை அழைத்து வருவார். “ஊசி விழுந்தா கேக்கும் சார். டீச்சர் கை ஓங்கி நான் பாத்ததே இல்ல” என்பார். அது உண்மை.

அந்தப் பெண் நடு வருடத்தில் வந்து சேர்ந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், வீடு மாறி வந்திருந்தார்கள். இடுப்பைத் தொடும் பின்னல். வந்த அன்றே பிள்ளைகள் ‘வால்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அதற்குத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா வாசலிலேயே நின்று பேசினார்.

“டீச்சர், இவ ஒரு கொசுவைக்கூட அடிக்க மாட்டா. தம்பி கடிச்சு வெச்சாலும் ஊதிவிட்டுட்டுப் போயிடுவா. கொஞ்சம் பாத்துக்குங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வாய்ப்பாட்டில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. முதல் நாளே, பாதி வகுப்பு நின்றுகொண்டிருந்தபோது, சரியான பதில் சொன்னாள். ஸ்கேலை நீட்டினேன். வாங்கினாள். அதை மேசை மேலேயே திரும்ப வைத்தாள்.

“வேணாம் டீச்சர்.”

“ஏன்?”

“அவங்களுக்கு வலிக்கும்ல.”

வகுப்பு சிரித்தது. அந்த வருடத்தில் முதல் தடவையாக. எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. ஆனால் ஒரு பிள்ளை ஸ்கேலைத் தொடாமல் இருக்கலாம் என்றால் மறுநாள் இன்னொன்றும் தொடாது. பிறகு என் கையில் என்ன மிஞ்சும்? ஆகவே சொன்னேன்: அவள் யாரையெல்லாம் திருத்தவில்லையோ, அவர்கள் அவளைத் திருத்தட்டும்.

அவளுக்குத் தப்பிக்க வழி இருந்தது. பதில் தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். அந்தக் கணக்கும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் எழுந்து சரியான பதிலைச் சொன்னாள். நான் சொல்லும் முன்பே கையையும் நீட்டினாள். கை வீங்கி பென்சில் பிடிக்க முடியாமல் போனபோது கெண்டைக்காலுக்கு மாற்றினேன். படிப்பு கெடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். வீட்டில் விளையாடி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கடைசி நாள், இதை அன்றோடு முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். கதவைச் சாத்தச் சொன்னேன். உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்பதாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வேண்டும். வாய்ப்பாட்டுச் சத்தத்துக்கு எந்தப் பள்ளியிலும் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். மற்றவர்கள் அவரவர் ஸ்கேலோடு வரிசை வரிசையாக வந்து அவளைத் திருத்த வேண்டும். அவள் ஸ்கேலை எடுத்து வகுப்புத் தலைவனை ஒரே ஒரு முறை திருத்திவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

முதல் வரிசை முடிந்தபோது நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது வரிசையில் முழங்காலில் விழுந்தாள். வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது.

வகுப்புத் தலைவனைப் பிள்ளைகள் தாத்தா என்பார்கள். பெரிய மனிதன் போலப் பேசுவான். அவன் முறை வந்ததும் அவள் பக்கத்தில் குனிந்தான்.

“எடுத்துத் தொலைடி, வால். என்னை அடி. நல்லா ஓங்கியே அடி, எனக்கு ஒண்ணும் ஆகாது.”

அடி என்ற சொல்லை அவன் சொன்னதை நான் கண்டிக்கவில்லை. அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். ஸ்கேலை வைத்தான்.

“முடியல டீச்சர்.”

அவனுக்குப் பின்னால் நின்றவளும் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவனும். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து வைத்தார்கள். வாய்ப்பாடு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஊசி விழுந்தால் கேட்டிருக்கும்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

பின்னல் கைக்கு வாகாக இருந்தது. கரும்பலகைக்குக் கீழே சாக்பீஸ் வைக்க சிமெண்டில் ஒரு விளிம்பு கட்டியிருக்கிறார்கள். தூக்கிப் பிடித்தால் அவள் நெற்றி அதற்குச் சரியாக வந்தது. எத்தனை முறை என்று நீங்கள் கேட்டீர்கள். நான் எண்ணவில்லை. மருத்துவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். முதல் முறை மட்டும் “டீச்சர்” என்றாள்.

பிறகு கரும்பலகையைத் துடைத்தேன். பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் எல்லோரும் சேர்ந்து அடித்ததில் இப்படி ஆகிவிட்டது என்றேன். நம்பினார்கள். நான் சொன்னதை அவர்கள் நம்பாமல் இருந்ததில்லை. தாத்தா உங்களிடம் தானே கொன்றதாக அழுதானாமே. அவன் பொறுப்பான பையன்.

தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்தார். “நீங்க அப்ப ஆபீஸ்ல இருந்தீங்கம்மா. அவ்வளவுதான். பசங்க சண்டை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.” நான் சரி என்றுதான் இருந்தேன். அதன்படியே எல்லாம் அடங்கியும்விட்டது. நீங்களே கோப்பை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இன்று காலையில் பேப்பர் பார்த்தேன். ‘ஆசிரியர் இல்லாத வகுப்பில் மாணவர் மோதல், சிறுமி பலி.’ மாணவர்களைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆசிரியர் இருந்தார். கட்டுப்பாடு இருந்தது. என் சொல் இல்லாமல் அந்த அறையில் ஒரு கை எழுந்ததில்லை. அவளைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். கடைசிவரை சொன்னபடி அடித்தார்கள் என்றே இருக்கட்டும். பாவம், சின்னப் பிள்ளைகள். அவர்கள் பெயர் கெட்டுவிடக் கூடாது.