ஓட்டை போட்ட குண்டுமணி

கோட்டுக்குள்ள கூப்பிட இன்னும் நேரமிருக்குத்தானே தங்கச்சி, ஒரு நொடி, விடுகதை, போடட்டே? செக்கச் சிவந்த பொம்பிளை, கறுத்தக் கொண்டை, தட்டாற்ற தராசில பவுனுக்கு எதிரை குந்தியிருப்பாள். ஆர்?

மிளகாயோ! மிளகாய்க்குக் கொண்டை பச்சையெல்லோ. குண்டுமணி. ஓம், இந்தப் படத்தில பூவாத் தைச்சிருக்கிறது அதுதான். தொட்டுப் பாருங்கோ. நீங்கள் ஜட்ஜுக்கு இங்கிலீஷில சொல்லேக்க இதைப் பிழையாச் சொல்லக் கூடாது. மூத்தவள் என்னோடயோ, தகப்பனோடயோ எண்டு இண்டைக்கெல்லோ முடிவு.

தைச்சது டல்சி. முதியோர் இல்லத்துக் குசினியில என்னோட வேலை செய்தவ, குயின்ஸ்லாந்துப் பக்கத்து அபோரிஜினல், இந்த நாட்டு ஆதிக்குடி ஆள். தன்ர சனத்தின்ர மருந்துச் செடியளை மணியால தைப்பா. இது யூக்கலிப்டஸ், தடிமனுக்கு. அது ரீ ட்ரீ, புண்ணுக்கு. இலையெல்லாம் கண்ணாடி மணி. சிவப்புக்கு மட்டும் குண்டுமணி, ஒவ்வொண்டாச் சுடுகம்பியால துளைச்சுக் கோக்கிறது.

ஆசையில ஒரு கோர்வை கேட்டு வாங்கினனான். தரேக்க சொன்னவ, துளைச்சது, பிள்ளையள்ற வாயில போகக் கூடாது, நஞ்சு எண்டு. நான் சிரிச்சனான். எங்கட ஊரில குண்டுமணி விழுங்காத பிள்ளை ஆர்? அடுத்த நாள் முழுசாப் போயிடும்.

ஓம், முழுசாத்தான் போகும், கோது உடையாட்டி. துளைச்சதெண்டா உள்ள இருக்கிற நஞ்சு வெளியில வந்திடுமாம். டொக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சின்னவளுக்கு மூண்டு வயசு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோர்வை நூல் அறுந்து, நாலைஞ்சு மணியை விழுங்கிப்போட்டாள். மூத்தவளுக்குப் பத்து. பள்ளிக்கூடத்தில சொல்லிக் குடுத்தவையாம், மூண்டு சைபர் அடிக்க வேணுமெண்டு. போனைத் தூக்கியிட்டாள். நான் பறிச்சு வைச்சனான். குண்டுமணிக்கு ஆரும் அம்புலன்ஸ் கூப்பிடுவினமோ, விசரி எண்டு பேசினனான். சின்னவளுக்கு வாழைப்பழம் தீத்திப்போட்டுப் படுக்க விட்டனான்.

திங்கள் ஒரே சத்தி, குடிச்ச தண்ணியும் வயித்தில நிக்கேல்லை. அப்பவும் சோடாதான் குடுத்தனான். செவ்வாய் ரத்தமாப் போச்சுது. பிறகுதான் ஆசுப்பத்திரி. வெள்ளிக்கிழமை முடிஞ்சுது.

அழாதேங்கோ தங்கச்சி, உள்ள போய்ப் பேசவெல்லோ வேணும்.

டல்சியில பிழையில்லை, அவ சொன்னவதானே. அதையும் சொல்லுங்கோ. இந்தப் படத்தை அவவிட்டக் கேட்டு வாங்கினதே, ஓட்டையை ஜட்ஜ் பாக்கட்டும், நான் அறிஞ்சு செய்யேல்லையெண்டு விளங்கட்டும் எண்டுதான். இவர் விக்னராஜா, பிள்ளையளின்ர தகப்பன், முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடிய மெல்பேர்னுக்குப் போயிட்டார்.

காலமை ஒரு கோட்டு ஒபிசர் அம்மா மூத்தவளைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டவ, ஆரோட இருக்க விருப்பமெண்டு. அப்பாவோட எண்டு சொன்னவளாம்.