சிங்க் அடியில் ஒரு வால்வு

— கேஸ் பில்லை எங்க ஒளிச்சு வெச்ச?

— ஒளிச்சேனா? நல்லா இருக்கே! நான் எதுக்கு ஒளிக்கணும்… ஃப்ரிட்ஜ் மேல கெடக்கும், பாருங்க.

— அங்க இல்ல. உன் பஞ்சுச் சட்டைப் பையில இருக்கு. நுனி வெளிய தெரியுது.

— பல்லு போனாலும் கண்ணு மட்டும் போகல உங்களுக்கு! இந்தாங்க. பாத்துட்டுக் கத்தக் கூடாது.

— நான் எப்ப கத்தினேன்?

— எப்பவா? குளியலறை லைட்டை அணைக்கலன்னு நீங்க போட்ட கூச்சல் மாடி வீட்டுக்கே கேட்டுச்சு. "அண்ணி, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவதா?"ன்னு கேக்குறார் அந்த மனுஷன்.

— ம்… ஏறித்தான் இருக்கு.

— அவ்வளவுதானா? வெறும் "ம்"மா?

— இந்த வருஷம் நம்ம சுன்ச்சான் ஊர்ல குளிரு ஜாஸ்தி.

— குளிரு ஜாஸ்திதான். அதுக்காக இவ்வளவா? ஜன்னல் பூரா குமிழ் பிளாஸ்டிக் ஒட்டியாச்சு. வீட்டுக்குள்ளயே மேல மேல சட்டையைப் போட்டுக்கிட்டு கரடிங்க மாதிரி அலையுறோம். கேஸ்ல காயுற வெந்நீர் இந்த ஒரு ரூம் தரைக்கு அடியில மட்டும் ஓடினா போதும்னீங்க. மத்த ரூமுக்கெல்லாம் சிங்க் அடியில இருக்குற வால்வை மூடுன்னீங்க, மூடினேன். ஏறும்தான்… ஆனா நான் நெனச்சதை விட…

— நெனச்சதை விடன்னா? ஏறும்னு முன்னாலேயே தெரியுமா உனக்கு?

— ஐயோ, ஏதோ வாயில வந்துடுச்சு. போர்வைக்குள்ள காலை விடுங்க. ஆரஞ்சு உரிச்சுத் தரேன்.

— பேச்சை மாத்தாத.

— வால்வு தேஞ்சு போயிருக்குமோ என்னவோ… ஆளைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லவா?

— ஆளா? வேண்டாம்! ஆளெல்லாம் வேண்டாம்.

— ஏன் இப்படிப் பதறுறீங்க?

— கூலி யாரு குடுப்பா? வேணும்னா நானே குனிஞ்சு பாத்துக்குவேன்.

— கிழிச்சீங்க. ரெண்டு நாளா இடுப்புல பிளாஸ்திரியை ஒட்டிக்கிட்டு முனகுறீங்க. எங்க போய்க் குனிஞ்சீங்கன்னு கேட்டா, அதுக்கும் பதில் இல்ல.

— என் இடுப்பை விடு, பில்லைப் பத்திப் பேசு.

— சரி, சொல்லிடுறேன். கோவப்படாதீங்க. நம்ம இன்யோங் ரூமு வால்வை நான்தான் திறந்தேன்.

— ஆளில்லாத ரூமுக்கு சூடு எதுக்கு?

— அவ போன் பண்ணினா. புது வருஷத்தன்னிக்கு வீட்டோட உக்காந்து குடிக்கிற சூப்புக்கு வரட்டுமா, அப்பா என்ன சொல்வாருன்னு கேக்குறா. நான் என்னத்தைச் சொல்ல? அரசாங்க வேலையை விட்டுட்டு ரொட்டிக்கடை வெச்சாள்னு, "இந்த வாசல்ல காலை வைக்காத"ன்னு பெத்த மகளையே விரட்டுனது நீங்கதானே?

— விரட்டினா உடனே போயிடறதா?

— உங்க ரத்தம்தானே! வீம்பு எங்க போகும்?

— …கடையில அந்தப் பயறு ரொட்டி நல்லா இருக்காமே.

— உங்களுக்கு யாரு சொன்னா?

— பஸ்ஸுல யாரோ பேசிக்கிட்டாங்க.

— கடை இருக்குறது கடலுக்கு அந்தப் பக்கம், ஜேஜு தீவுல. சுன்ச்சான் பஸ்ஸுல பேசிக்கிட்டாங்களாக்கும்!

— ஏய், போதும்.

— எனக்குத் தாங்கலைங்க. இங்க நமக்கு முதுகு சுடுது. பக்கத்து ரூமு தரை ஐஸாக் கெடக்குன்னு நெனச்சா தூக்கமே வரமாட்டேங்குது. திடீர்னு வந்து நின்னாள்னா? காலை வெச்சதும் சில்லுன்னு இருந்தா, இந்த வீட்டுல யாருமே தன்னைத் தேடலன்னு நெனப்பா. அதான் திறந்தேன். பாதிதாங்க திறந்தேன். சத்தியமா பாதிதான்.

— …

— ஏதாவது சொல்லுங்க. கத்தவாவது கத்துங்க. அவ போனதுல இருந்து என்னை "இன்யோங் அம்மா"ன்னு ஒரு தடவை கூப்பிட்டிருப்பீங்களா? "ஏய்", "இந்தா"தான். அவ பொறந்ததுல இருந்து அதுதானே என் பேரு… அதையும் பிடுங்கிட்டீங்க. ஒரே வார்த்தை சொல்லுங்க, அவளை வரச் சொல்லவா, வேண்டாமா?

— ஆரஞ்சு எங்க?

— ஆரஞ்சு கெடக்கட்டும்! …இருங்க. பாதி திறந்ததுக்கு இவ்வளவு பில்லு வராதே. காலையில பெருக்கப் போனப்ப, தரை கோடி வரைக்கும் கதகதன்னு இருந்துச்சே. மீதியை யாரு திறந்தா?

— இன்யோங் அம்மா… பாதி திறந்தா சூடு ஜன்னல் வரைக்கும் போய்ச் சேராது. அவ ஜன்னலோரமாத்தானே படுப்பா.