ராத்திரியில் வளர்ந்த மாடி

— டூப்பு வுடாத அம்சவேணி. ராத்திரியோட ராத்திரியா உன் மாடி மேல ரெண்டு வரி செங்கல் ஏத்திட்ட.

— ஐய, வீரபத்திரண்ணா! பக்கத்து வூட்டுல இருக்கிறீங்க, கொத்தனார் கொல்லுறு சத்தம் உங்களுக்குக் கேக்காதா?

— ஆனி மாசம் உன் மாடி நெழலு என் பக்கம் எட்டியே பாக்கல. இப்ப மார்கழி. பட்டப்பகல்ல என் வாசப்படிய முழுங்கிக்கினு கெடக்குது. வெயில்ல குந்தி முட்டிக்கு எண்ணெ தடவ எடமில்ல. மாடிப்படிய குள்ளக் குள்ளமா கட்டி கொத்தனார்கிட்ட ஏமாந்தவ, மாடிய மட்டும் உசரமா ஏத்துறியா? நாளைக்கு கவுன்சிலர் டேப்போட வராரு. இடிக்காம வுட மாட்டேன்.

— எம்பொண்ணு சுகாசினி படிக்கிறதுக்குன்னு கட்டுன ரூம்புண்ணா! மாடி வளரல. சூரியன்தான் தெக்கால போயிருக்குது. பூமி சாஞ்சிக்கினே அத சுத்துது, அதால.

— பூமி சாஞ்சிருந்தா என் தறியில பாவு நூலு எப்படிம்மா நேரா நிக்குது?

— தறி, பாவு, நீங்க, எல்லாம் ஒண்ணாத்தான் சாஞ்சிருக்கிறீங்க.

— நானா? நான் குடிய வுட்டே எவ்ளோ நாளாச்சு!

— இந்தாங்க, இந்த எலுமிச்சம்பழம்தான் பூமி. ஊசிய சாய்ச்சி குத்தியிருக்கேன், முனை இருக்கிறது நம்ம வடக்குப் பக்கம். குண்டு பல்புதான் சூரியன். இங்க ஊசி முனை பல்ப பாத்து சாயுதா? நம்மூரு வெயில் காலம். சுத்தி அந்தாண்ட போனா முனை வெலகிடுது. பனிக்காலம்.

— நீ ஊசிய திருப்புற. நான் பாத்தேன்.

— அப்ப நீங்களே புடிச்சிக்கினு சுத்துங்க.

— குடு இப்படி... அடச்சே. நான் திருப்பவே இல்ல, அதுவா வெலகுது!

— அதான் காலம் மாறுது. நாலு காலம்னு சுகாசினி புஸ்தகத்துல போட்டிருக்குது.

— நாலா? வெயிலு, மழை, பனி. காஞ்சிபுரத்துல நாலாவது ஏது?

— உங்க கோவம். அது மட்டும் வருசம் பூரா. ஆனியில சூரியன் வடக்கால போனப்ப உங்க ஷீட்டுக் கூரை நெழலு என் வூட்டு முத்தத்துலதான் வுழுந்துது. நான் கவுன்சிலர்கிட்ட ஓடுனனா?

— சரி, சரி. வர வேணாம்னு சொல்லிடறேன். என் வெயிலுக்கு என்ன வழி?

— மாடிக்கு வாங்க. அங்க எந்த மாசமும் வெயிலுதான்.

— இந்த முட்டிய வெச்சிக்கினு எப்படிம்மா ஏறுவேன்?

— கொத்தனார் என்ன ஏமாத்தலண்ணா. உங்க முட்டிய நெனச்சி நான்தான் படிய குள்ளமா கட்டச் சொன்னேன்.