பொத்தலில் கை வைத்தவன்

இவனை மேடையேற்றிவிட்டோமே, என்ன பேசித் தொலைப்பானோ என்று பதறிக்கொண்டிருக்கும் தலைவர் அம்மையார் அவர்களே! பறவைகளைக் காக்கப் படைதிரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சூளை முதலாளி அவர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நாவலன் அல்லன்; பொக்லைன் ஓட்டுபவன். ஓரிடத்தில் நிற்கச் சொன்னால் கால் நிற்கமாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றோர மேட்டில் மண் வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்புவது என் வேலை. மேட்டில் பொத்தல் இருந்தால் அங்கேதான் முதலில் கை வைப்போம். அங்கே மண் இளகியிருக்கும். போன செவ்வாய்க்கிழமை முப்பது பொத்தல்கள் கண்டேன். எலி வளை என்று எண்ணினேன். எண்ணினேனா? எண்ணக்கூட இல்லை! லீவரை இழுத்தேன். மண் சரிந்தது. மண்ணோடு இறகு முளைக்காத நான்கு குஞ்சுகளும் சரிந்தன.

பஞ்சுருட்டான், ஐயா! பறக்கும் பூச்சியைப் பறந்தபடியே பிடிக்கும் பச்சைப் பசேல் பறவை. அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. மண்மேட்டில் கை நீளத்துக்குக் குடைந்து முட்டையிடும். தாய் அலகில் தும்பியோடு வந்தது. வந்தது, வட்டமிட்டது, வாசலைத் தேடியது. வாசல் எங்கே? என் வண்டியின் பக்கெட்டில்!

என்ன சொல்கிறீர்கள், பின்னால்? "தெரிஞ்சுக்கிட்டே ஏன்யா இடிச்சே?" என்றா? தெரியாமல்தான் இடித்தேன். தெரிந்ததும் வண்டியை அணைத்தேன். அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க, ஒரு வாய்கூட உள்ளே போகலியே" என்கிறாள் என் மனைவி. வெட்கமாக இருக்கிறது ஐயா, வெட்கமாக இருக்கிறது.

முதலாளியிடம் போனேன். "நாலு வாரம் பொறுத்துக்கோங்க, மிச்சக் குஞ்சுங்க பறந்துடும்" என்றேன். "அதுவரைக்கும் சூளையில எதைப்பா வேக வைக்கிறது, உன் தலையையா?" என்றார். சிரிக்காதீர்கள்! அவரை நம்பி நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. வேறிடத்து மண்ணை நாம் வாங்கிக் கொடுத்தால் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் இந்த நிதி! அதற்குத்தான் இந்தப் பெட்டி!

பெட்டி இன்னும் பாதிகூட நிறையவில்லை. முதலாளி தந்த கெடு நாளைக் காலை ஏழு மணி; அதற்குள் பணம் சேராவிட்டால் மேட்டில் மறுபடி வெட்டுத் தொடங்கும். நான் வண்டியில் ஏறமாட்டேன் என்று இங்கே வீரம் பேசலாம். பேசி என்ன பயன்? இன்னொருவர் ஏறுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன செவ்வாய்க்கிழமை வரை நானும் அவராகத்தான் இருந்தேன்.

அந்தக் குஞ்சுகளுக்குக் கெடு தெரியுமா? முதலாளி தெரியுமா? மேடை தெரியுமா, மாலை தெரியுமா? பசி தெரியும், தாய் வரும் வழி தெரியும். அந்த வழியை அடைக்கப் போகிறோமா, காக்கப் போகிறோமா?

கைதட்டாதீர்கள்! உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தட்டாதீர்கள். அந்தக் கைகள் எனக்குப் பெட்டியில் வேண்டும்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. எழுந்து வரப்போகிறவர்களுக்கு என் வணக்கம்.