கொஞ்சம் கூட்டி வைத்த வால்யூம்

பிரசங்கத்தை இந்த இடத்தில் சற்று நிறுத்துகிறேன்... ஒரு சின்னச் சம்பவம் சொல்ல வேண்டும். நேற்று மாலை நம் பாடகர் குழுத் தலைவர் வில்பிரட், அதே குழுவில் பாடுகிற ஞானசிங் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். யார் சொன்னது? வில்பிரட்டே சொன்னார். சபையில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டவரும் அவர்தான். அதோ, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்... யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

என்ன நடந்தது? ஈஸ்டர் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதைப் பிசிறில்லாமல் கேட்டுத் திருத்த, ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்று, மேசையில் வைக்கிற மாதிரி, தேவைப்பட்டது. வில்பிரட் சென்னையிலிருந்து ஒன்றை வரவழைத்தார். "நல்ல பவர், துளி இரைச்சல் கிடையாது" என்று எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லியும் விட்டார். அடிக்குரல் பாடுகிற ஞானசிங்கோ, அதே மாதிரி தானே செய்த பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார்.

"சபைக்குச் சும்மா தாரேன் வே. கேட்டுப் பாரும். பிடிச்சா வச்சுக்கிடும்."

ஒரே பாட்டு, ஒரே ஹெட்போன்... பெட்டியை மட்டும் வில்பிரட் மாற்றி மாற்றிப் போட்டார். ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லாரும் சென்னைப் பெட்டிதான் நன்றாக இருக்கிறது என்றார்கள். வில்பிரட்டுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன வே, ஒம்ம பெட்டிக்குக் காய்ச்சலா? இப்படி முனங்குது!"

அறையே சிரித்தது. ஞானசிங் சிரிக்கவில்லை. பெட்டியைக்கூட எடுக்காமல் போனார். அதன்பிறகு பாட வரவில்லை.

அன்று வீட்டில் வில்பிரட்டின் மனைவி எஸ்லின் கேட்டார்கள்:

"ஏங்க, சென்னைப் பெட்டிக்கு மாத்தும்போது மட்டும் வால்யூமக் கொஞ்சம் கூட்டுனீங்களே... எதுக்கு?"

"நானா?"

"பின்ன நானா? பக்கத்துலதான நின்னேன்!"

சத்தம் ஒரு துளி கூடினாலே, காது அதை நல்ல ஒலி என்று நம்பிவிடும். அதனால் சத்தத்தைச் சமமாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். வில்பிரட்டுக்கு இது தெரியாதா? குழுவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்! மறுநாள் சமமாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எஸ்லினை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். எது எந்தப் பெட்டி... அவரால் சொல்ல முடியவில்லை.

என்னிடம் வந்து அழுதார். "ஐயா, கை தவறிட்டுன்னு சொன்னா அதுவும் பொய். தெரிஞ்சுதான் கூட்டுனேன். பெருமையாச் சொல்லிட்டேன்லா... அவரு பெட்டி நல்லா இருந்துரக் கூடாதேன்னு பயம்."

பிரியமானவர்களே, நாம் என்ன செய்கிறோம்? சொந்தத் தம்பியோடு பேசும்போது, நம் நியாயத்துக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம். பிறகு, "அவன் பேச்சுல என்ன இருக்கு?" என்று கேட்கிறோம். தெரியாமலா செய்கிறோம்? தெரிந்தே செய்கிறோம்... அதுதான் வெட்கம். முதலில் உங்கள் குரலை எதிரே இருப்பவர் குரலுக்குச் சமமாக இறக்குங்கள். யார் சரி என்பதை அப்புறம் பார்க்கலாம்.

நேற்று ஞானசிங் கதவைத் திறந்தார். காப்பி கொடுத்தார். பாட வருவீரா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை. அடிக்குரல் வரிசையில் அவர் நாற்காலியைப் போட்டு வைத்திருப்பார்கள். வருகிறாரா என்பது... அன்றைக்குத் தெரியும்.