அந்த எட்டு மிஷின்களை எங்களிடம் தாருங்கள்

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் திருமயம் வட்டாரத் தையற்கலைஞர் சங்கத் தலைவர் ராஜலட்சுமி அம்மா அவர்களே, விரல் நுனியால் ஊருக்கே உடை உடுத்திய பெரியோர்களே, முன்வரிசையில் மழலையை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் செல்போனை மடியில் வைத்திருக்கும் என் தோழிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

"சத்தமாப் பேசும்மா" என்கிறீர்கள். பேசுகிறேன் ஐயா. மிஷின் பழுதுபார்ப்பது என் வேலை, அங்கே அதிகம் பேசிப் பழக்கமில்லை, அதுதான்.

சங்கத்தின் எட்டுப் பழைய மிதி மிஷின்களை எடைக்குப் போடுவதா, எங்களைப் போன்ற இளம்பெண்கள் கழற்றிப் பழகக் கொடுப்பதா என்று இன்று முடிவெடுக்கப் போகிறீர்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியுமா?" என்று எனக்கு முன் பேசிய ஐயா கேட்டார். தெரியுமா, தெரியாதா? நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவூர் அடைக்கலமேரி அக்கா கடையில், கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கான புதுநன்மை கவுன்கள் பன்னிரண்டு. மறுநாள் பிள்ளைகள் உடுத்த வேண்டும். புது மோட்டார் மிஷின் ஓடுகிறது, தையல் விழவில்லை!

மூடியைத் தொடப்போனேன். அக்கா விடவில்லை. "புது மிஷின்டி! கழட்டிப் போட்டுட்டு அங்கிட்டும் இங்கிட்டும் முழிக்கவா?"

அருகே ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த என் தோழி கார்த்திகா, "அக்கா, மூடிய மட்டும் தெறங்க. செல்லுல ஸ்லோமோஷன்ல எடுத்துப் பாப்போம்" என்றாள்.

எடுத்தோம், பார்த்தோம். கீழே சுற்றும் கொக்கி ஊசியின் நூலைப் பிடிக்காமலே போய்க்கொண்டிருந்தது. ஊசி திரும்பியிருந்தது! பழைய மிஷின் ஊசியில் ஒரு பக்கம் தட்டை, தடவியே போட்டுவிடுவோம். இந்த ஊசியோ முழு உருண்டை, பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் போட வேண்டும். ஊசி மாற்றும்போது பழைய பழக்கத்தில் பார்க்காமல் தடவிப் போட்டது யார்? நான்தான். சிரித்துக்கொள்ளுங்கள்!

அரைச்சுற்றுத் திருப்பினேன். மறுபடி எடுத்தோம். கொக்கி வந்தது, நூலைக் கவ்வியது, கொண்டுபோனது! "அடியாத்தி! இத யாருடி கண்டுபிடிச்சது?" என்று கார்த்திகா அந்தப் படத்தையே இருபது தடவை பார்த்தாள். கவுன்கள் முடிந்தன. அவள் பார்ப்பது முடியவில்லை.

பெரியோர்களே! அவளுக்கு அருமையைக் காட்டியது செல்போனா, மிஷினா? இரண்டும்தான்! மூடியே வைத்திருந்தால் எதை ரசிப்போம்? திறந்துவிடுங்கள், ரசிப்போம், தொடவிடுங்கள், மதிப்போம், கழற்றவிடுங்கள், காப்போம்!

"கெடுத்துட்டீங்கன்னா?" என்கிறது ஒரு குரல். கெடுப்போம் அண்ணே! எடைக்குப் போகிற மிஷின், அதற்குமேல் என்ன கெடும்?

ஞாயிறுதோறும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து கழற்றிப் பழக ஆறு பெண்கள் தயார். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்... தலைவர் அம்மாவே தூக்கிவிட்டார்கள்! அடைக்கலமேரி அக்கா, ஒரு கை போதும் அக்கா!

கேட்டதைக் கொடுத்த உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி சொல்லி வணங்குகிறேன். தோழிகளே, எழுந்து வாருங்கள். எடைக்குப் போடவென்று வாசலில் வைத்திருக்கும் அந்த எட்டு மிஷின்களையும் உள்ளே தூக்கி வைப்போம்!